யாரும் பார்க்காத செயின்

குன்னூரில் மலைச் சைக்கிள்களை வாடகைக்கு விடுகிறேன். வருகிறவர்கள் பின்சக்கரத்து கியரில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். செயினை யாரும் பார்ப்பதில்லை. அதனால் கியரை உயர்ந்த ரகமாகப் போட்டு, செயினை மட்டமான ரகத்தில் மாட்டினேன். சாமர்த்தியம் என்று நினைப்பு.

அன்று நான்கு சைக்கிள்கள் கேத்திப் பக்கம் போயின. பதினோரு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. அவற்றில் ஒன்றை எடுத்துப்போன கோயம்புத்தூர்ப் பெண் ஒருவர் முழங்கை தோலுரிந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏத்தத்துல எந்திரிச்சு மிதிச்சேனுங்க, செயின் அறுந்து விழுந்துட்டேன். நல்லவேளை, பின்னாடி வந்த பஸ்காரரு பிரேக் போட்டுட்டாருங்க. கியரெல்லாம் நல்ல சாமானாச்சே, எப்படிங்க அறுந்துச்சு?"

அவர் குரலில் கோபமே இல்லை. நான் வாசலைப் பார்த்தேன். அதே செயின் மாட்டிய மற்ற மூன்றும் இன்னும் மூட்டத்துக்குள் இருந்தன. போனவர்கள் யாரும் போனை எடுக்கவில்லை.

மாலையில் மூவரும் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். எனக்கு மட்டும் அந்த வாசல் இன்றும் காலியாகவே தெரிகிறது.