அரை அடி அவசரம்

2023 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், இருபது நிமிடத்தில் தொட்டி நிறைந்தது. பால் வாங்கி வந்தேன். சவரம், குளியல். 8.40க்கு நானும் மனைவியும் கடலூரில் பஸ் ஏறி, 10.05க்குச் சிதம்பரத்தில் இறங்கினோம். மார்கழித் தரிசனக் கூட்டம் கலைந்து வீதிகள் காலியாக இருந்தன. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு எங்களுக்கு மச்சான் வீடு.

மச்சான் என் மனைவியின் தம்பி. குமராட்சிக்குப் போகும் மினிபஸ் ஒன்றை ஓட்டுகிறான். அன்று அவன் மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் சமையல் என் மனைவியிடம் வந்தது. நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து எங்கள் விளையாட்டை ஆரம்பித்தோம்.

அதற்கு ‘போயிருந்தா’ என்று பெயர். ஏதாவது ஒரு பெரிய கால்பந்து ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பந்து வேறு மாதிரி போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பேசுவோம். விதிகள் இரண்டு. ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்றலாம். அன்று ராத்திரி சாப்பாடு வரைக்கும்தான் போகலாம்; அதற்கு மேல் போனால் கதை. இரண்டும் நான் போட்டவை. இரண்டாவதை மச்சான் மதித்ததே இல்லை.

அன்று முதலில் போன மாதத்து உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மூன்றுக்கு மூன்று, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம், பிரான்சுக்காரர் தனியாக வருகிறார், அர்ஜென்டினா கோல்கீப்பர் இடது காலை நீட்டித் தடுக்கிறார். அந்தக் கால் எட்டாமல் இருந்திருந்தால்?

“அவ்ளோதான். கோப்ப பிரான்சுக்கு. நம்மூர்ல கட்டுன பேனர பூரா அன்னிக்கே கழட்டியிருப்பானுவ” என்றான் மச்சான்.

“ஆனா அர்ஜென்டினா கேப்டன் ரெண்டு கோல் போட்டது போட்டதுதான். அது மாறாது.”

“ஆமா மாமா, அத பிரேம் போட்டு மாட்டிக்கலாம்.”

அடுத்து 1994. இத்தாலிக்காரர் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்த இறுதி ஆட்டம். அது உள்ளே போயிருந்தால் இத்தாலிக்குத்தான் கோப்பை என்று மச்சான் அடித்துச் சொன்னான். நான் அப்படி இல்லை என்றேன். அது கோலாகியிருந்தாலும் கணக்கு மூன்றுக்கு மூன்றுதான். பிரேசிலுக்கு இன்னும் ஒரு உதை பாக்கி இருந்தது. அவருக்கு முன்பே இத்தாலியில் இரண்டு பேர் தவறவிட்டிருந்தார்கள். அந்த இரண்டு பேரின் முகம் யாருக்கும் ஞாபகமில்லை. கடைசியாகத் தவறவிட்டவன் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது.

“இன்னிக்கு நம்ம மேட்ச்ச எடுப்போம் மாமா” என்றான் மச்சான்.

இருபத்தெட்டு வருடத்தில் அதை நாங்கள் எடுத்ததில்லை.

1995இல் கடலூரில் நடந்த ஒரு இறுதி ஆட்டம். எங்கள் கடலூர் அணிக்கும் சிதம்பரம் அணிக்கும். மச்சான் சிதம்பரத்தின் முன்கள ஆட்டக்காரன், வயது இருபத்தொன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் பொறுக்க வந்த ஒருவர் ஓரமாக நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கள் அணியில் மாற்று ஆட்டக்காரன். லைனில் கொடி பிடிக்க வரவேண்டியவர் வரவில்லை என்று என்னை நிற்க வைத்தார்கள். கொடியும் வரவில்லை. யாரோ ஒரு சிவப்புத் துண்டைக் கொடுத்தார்கள். எழுபத்தெட்டாவது நிமிடம் மச்சான் கோல் போட்டான். ஆப்சைடு, பந்து வருமுன்பே எதிரணித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நின்றுவிட்டான் என்று விசில் அடித்துவிட்டார் நடுவர். பிறகு நாங்கள் ஒரு கோல் போட்டு ஜெயித்தோம். நாற்காலிக்காரர் எங்கள் அணியிலிருந்து ஒருவனைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து மச்சான் தன்னைப் பற்றிச் சொல்வது ஒரே வாக்கியம்: “அரை அடி அவசரப்பட்டுட்டேன்.” பெண் பார்க்கும்போதும் சொன்னான், வீடு மாற்றும்போதும் சொன்னான். பஸ்ஸை அவன் அவசரப்பட்டு எடுத்ததே கிடையாது. “யண்ணே, எதுத்தாப்புல மாடு கூட இல்லயே, யாருக்கு வழி வுடுற?” என்று பயணிகள் கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வான்.

“நான் அரை அடி பின்னாடி நின்னுருந்தா” என்று ஆரம்பித்தான். “அத ஒன்னுதான் மாத்துறேன். சாப்பாட்டுக்கு மேல போகல, சத்தியமா.”

விதிப்படி நான் அடுத்ததைச் சொல்லவேண்டும். கோல், வெற்றி, நாற்காலிக்காரர் கைகுலுக்கல், ராத்திரி ஓட்டலில் பரோட்டா. சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் மாற்றவேண்டிய விஷயமே அது இல்லை. தப்பான இடத்தில் ஆரம்பித்த ஆட்டத்தை என்னால் ஆட முடியவில்லை.

“மச்சான், நீ பின்னாடிதான் நின்ன.”

“என்னா மாமா?”

“நீ ஆப்சைடு இல்ல. மூஞ்சி வேர்த்து ஊத்துச்சு. துண்ட எடுத்துத் தொடச்சேன். கொடின்னு நெனச்சு ரெஃப்ரி விசில் அடிச்சிட்டாரு. ஓடியாந்து ‘ஆப்சைடா’ன்னு கேட்டாரு. நான் தலைய ஆட்டிட்டேன்.”

“ஏன்?”

“மூஞ்சி தொடச்சேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அத்தினி பேரு முன்னாடி.”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மச்சான் என்னையே பார்த்தான். நான் எதிர்பார்த்தது வசவு. வசவு வரவில்லை.

“அப்ப நான் அவசரப்படல” என்றான்.

“இல்ல.”

“அரை அடி கூட?”

“ஒரு அடி பின்னாடி இருந்த.”

எழுந்து உள்ளே போய்விட்டான். மூன்று பேருக்கும் இலை போட்டாயிற்று. அவன் வரவில்லை. என் மனைவி போய்க் கூப்பிட்டாள். “நீங்க சாப்டுங்கக்கா” என்று மட்டும் குரல் வந்தது. எப்போதும் பஸ் நிலையம் வரை வந்து சன்னலோர இடம் பிடித்துக் கொடுப்பவன் அன்று வாசலுக்கும் வரவில்லை.

பஸ்ஸில் எனக்கு அந்தச் சாயங்காலம் திரும்பத் திரும்ப வந்தது. ஆட்டம் முடிந்து, ஆத்திரத்தில் கோல் கம்பத்தை உதைத்துக் கணுக்காலை வீங்க வைத்துக்கொண்ட மச்சானைப் பஸ் ஏற்றிச் சிதம்பரம் வரை கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டது நான்தான். குற்ற உணர்ச்சியை அவர்கள் வீட்டில் நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டார்கள். கதவைத் திறந்தது அவன் அக்கா. அதற்கப்புறம் நான் கால் எப்படி இருக்கிறது என்று கேட்க நான்கு முறை போனேன்.

பக்கத்தில் இருந்த மனைவி புதுச்சத்திரம் தாண்டித்தான் வாயைத் திறந்தாள்.

“அப்ப நம்ம கல்யாணம் துண்டால நடந்துதா?”

என் விதிப்படி ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் போகக்கூடாது. அவளுக்கும் அது தெரியும்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்” என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சான் ஒன்றை இழந்தான், நான் ஒன்றைப் பெற்றேன் என்று இத்தனை நாளும் இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் வைத்திருந்தேன். இரண்டும் ஒரே வியர்வை.

ஆலப்பாக்கம் அருகே அவள் போன் அடித்தது. மச்சான். என்னிடம் பேசவில்லை. அவள் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: “அந்த வருசத்து டைரியில நீங்க என்ன எழுதி வச்சிருக்கீங்கன்னு கேக்குறான்.”

“ஆப்சைடுன்னு.”

அவள் போனில் அதைச் சொன்னாள். அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். “அத மாத்த சொல்றான். மாத்திட்டு போட்டோ எடுத்து அனுப்பணுமாம். அப்பறந்தான் பேசுவானாம்.”

தினமும் டைரி எழுதுகிறவன் நான்; எழுதியதை அழிப்பதில்லை. முப்பத்தொரு நோட்டிலும் ரப்பர் பட்ட இடம் கிடையாது. அதை மச்சானும் அறிவான்.

மறுநாள் திங்கள், 5.10க்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை. பீரோவின் அடித்தட்டிலிருந்து 1995ஐ எடுத்து, ‘78ஆவது நிமிடம். ஆப்சைடு’ என்ற வரியின் மேல், எழுத்து தெரியும்படி ஒரே கோடு இழுத்தேன். பக்கத்தில் 2023 ஜனவரி 9 என்று தேதியைப் போட்டு, ‘கோல்’ என்று எழுதினேன்.