இன்ஸ்பெக்‌ஷன் நாளில் பார்த்த வீடு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எங்கள் வீட்டில் யாரும் வாழவில்லை என்று நாங்கள் நிரூபித்தாக வேண்டும். மெல்பன் புறநகரான டார்னெய்ட்டில் வாடகைக்கு இருக்கும் எல்லோருக்கும் இந்தக் கூத்து தெரியும். வீட்டுக்காரரின் ஏஜென்ட் பார்வையிட வருகிறான் என்று மின்னஞ்சல் வந்ததும் என் கணவர் ஸ்பாஞ்சைக் கையில் எடுத்துவிடுவார். அடுப்படியில் மஞ்சள் கறை இருக்கக் கூடாது. திரைச்சீலையில் தாளித்த வாசனை இருக்கக் கூடாது. குளியலறைக் கண்ணாடியில் நான் ஒட்டி வைத்த பொட்டைக்கூடச் சுரண்டி எடுப்பார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், இந்த வருஷம் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் அவள் படிப்பு கெட்டுவிடும் என்பது அவர் பயம். நியாயமான பயம்தான். அதனாலேயே அவர் மேல் எனக்கு முழுசாகக் கோபம் வருவதில்லை.

ஆனால் போன இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். படுக்கையறையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய துணி அலமாரி இருக்கிறது. அதன் உட்சுவரில் என் நாவலின் அத்தியாய வரிசையைப் பென்சிலால் எழுத ஆரம்பித்தேன். வீட்டில் எனக்கென்று மேஜை கிடையாது. ஒன்று மகளுக்கு, ஒன்று அவர் வேலைக்கு. ஒன்பது வருஷமாக நகராமல் கிடந்த நாவல், அந்தச் சுவர் கிடைத்த பிறகுதான் நகர்ந்தது. வரிசை, அம்புக்குறி, அடித்தல், மறுபடி அம்புக்குறி.

இதைப் பார்த்ததும் அவர் அலமாரிக் கதவைப் படாரென்று சாத்தினார். போனில் படம் எடுத்துக்கொண்டு அழித்துவிடு என்றார். எடுத்துப் பார்த்தேன். உள்ளே இருட்டு, பிளாஷ் போட்டால் பென்சில் பளபளத்து ஒன்றுமே தெரியவில்லை. காகிதத்தில் பெயர்த்து எழுதினால் அது மளிகைப் பட்டியல் மாதிரி செத்துக் கிடந்தது. அழித்துவிட்டேன் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டுப் பட்டுப்புடவைகளை முன்னால் தொங்கவிட்டேன்.

அடுத்த இன்ஸ்பெக்‌ஷன் அன்று பதினோரு மணியிலிருந்து ஒரு மணிக்குள் ஏஜென்ட் வருவதாக இருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் என்பதால் அவர் இருப்பார். நான் இருந்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் சீனத் தோழிக்கு அலமாரிக் கதை தெரியும். அவள் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. உனக்கு ஒரு வீட்டைக் காட்டுகிறேன் என்று லீவு போட வைத்து அழைத்துப் போனாள்.

மெல்பனின் பழைய தெரு ஒன்றில் பலகையால் கட்டிய சின்ன வீடு. சீனாவிலிருந்து வந்து, சலவைக் கடையில் வேலை பார்த்து, மிச்ச நேரத்தில் எழுதிய ஒருவர் குடியிருந்த வீடு. இப்போது அவருடைய நினைவில்லம். வாசலில் செருப்பைக் கழற்றப் போனேன். தேவையில்லை என்று தோழி கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

பொருள்களை யாரும் தொடாதபடி அறைக்கு அறை கயிறு கட்டியிருந்தார்கள். கட்டிலில் மடித்த போர்வை, மேஜையில் மூக்குக்கண்ணாடி, இப்போதுதான் குடித்து வைத்தது மாதிரி ஒரு தேநீர்க் கோப்பை. ஒரு மனுஷர் இங்கே வாழ்ந்தார் என்று காட்ட இவ்வளவு பாடு. இதே நேரத்தில் என் வீட்டில் என் கோப்பையைக் கழுவித் துடைத்து ஒளித்துக்கொண்டிருப்பார் என் கணவர். எனக்கு எரிச்சலாக வந்தது. செத்தவருக்குக் காட்டும் மரியாதையில் கால் பங்கை இருக்கிறவளுக்குக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

பதினொன்றரை ஆனது. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எந்த அறையிலும் நிற்க முடியவில்லை. தோழிதான் என்னைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே சுவரில் ஒரு முழ அகலத்துக்குக் கண்ணாடி பதித்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பென்சிலால் சீன எழுத்து. அம்புக்குறிகள்.

அது அந்த எழுத்தாளருடைய நாவலின் அத்தியாய வரிசை என்றாள் தோழி. ஓர் இடத்தில் ‘இது வேண்டாம்’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘வேண்டும்’ என்றும் எழுதியிருக்கிறாராம்.

வீட்டைச் சுற்றிக்காட்டும் அம்மாள் மீதியைச் சொன்னார். எழுத்தாளர் வாடகைக்குத்தான் இருந்திருக்கிறார். அவர் காலி செய்து போன பிறகு வீட்டுக்காரர் சுவருக்கு மூன்று கோட்டிங் பெயிண்ட் அடித்துவிட்டார். பல வருஷம் கழித்து நினைவில்லம் ஆக்கியபோது, எழுத்தாளரின் மனைவியை அழைத்து வந்தார்கள். கிழவி நேராக இந்தச் சுவருக்கு வந்து விரலை வைத்தாளாம். அந்த இடத்தில் மட்டும் மெதுவாகச் சுரண்டினார்கள். அடியில் பென்சில் அப்படியே இருந்தது.

என் சுவரில் விரல் வைக்க யார் இருக்கிறார்கள்? மகளுக்குத் தமிழ் படிக்க வராது. என் கணவர் வைத்தால் ஸ்பாஞ்சைத்தான் வைப்பார். தோழியிடம் சொல்லாமல்கூட வெளியே ஓடி வந்து அவருக்குப் போன் போட்டேன்.

ஏஜென்ட் வந்து போய்விட்டான் என்றார்.

“அழிச்சிட்டேன்னு சொன்னே.”

காலையில் இஸ்திரி போட சட்டை தேடியபோது அலமாரிச் சுவரைப் பார்த்திருக்கிறார்.

“ஸ்பாஞ்ச எடுத்துட்டுத்தான் போனேன். எங்கேர்ந்து தொடைக்கிறதுன்னு பார்க்கப் போய் படிக்க ஆரம்பிச்சுட்டேன். அதுக்குள்ள பெல் அடிச்சுட்டான்.”

ஈரம் கசிகிறதா பார்க்க வேண்டும், எல்லா அலமாரியையும் திறங்கள் என்றிருக்கிறான் ஏஜென்ட். ஏஜென்ட் முன்னால் தும்மக்கூட யோசிக்கிற மனுஷர், உள்ளே எங்கள் சாமி இருக்கிறது, ஷூவைக் கழற்றிவிட்டுத் திறந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அவன் குனிந்து தன் ஷூ லேஸைப் பார்த்தானாம், அப்புறம் மணியைப் பார்த்தானாம். அலமாரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டானாம். எங்கள் சாமி படங்கள் எல்லாம் அடுப்படியில், பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

தெருவிலேயே நின்று அழுதேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல், ஒன்பதாவது அத்தியாயத்து அம்பு எங்கே போகிறது என்றே புரியவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அடுத்த தடவ லேஸ் இல்லாத ஷூ போட்டுட்டு வருவான். ஆறு மாசத்துக்குள்ள முடிச்சிடு.”

முடித்துவிடுகிறேன் என்றேன். ஒன்பது வருஷத்தில் அதை முடிக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை.