ஈசானிய மூலைத் தூண்

சந்திரிகா கட்டடப் பொறியியல் படித்து முடித்த நாளிலிருந்து பிடித்த பிடி இரும்புதான். ஜல்லியும் சிமெண்டும் கலந்து மாதக்கணக்கில் காத்திருப்பானேன், தூணையும் உத்திரத்தையும் பட்டறையிலேயே செய்து கொண்டுவந்து பூட்டினால் மாடி எழும்பாதா என்பாள். மந்தைவெளியில் உறவுக்காரர்கள் சிரித்தார்கள். பல வருஷம் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கார் நிறுத்தவும் சாமான் அடுக்கவும் ஷெட்டுகள்தான். 'ஷெட் சந்திரிகா' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். முகம் சுளிக்காமல் செய்தாள். வயிறு மட்டும் எரிந்தது.

கடைசியில் தியாகராய நகர் ஜவுளிக்கடை அய்யாதுரை அண்ணாச்சி வந்தார். பழைய கடையை இடித்தாயிற்று. தீபாவளிக்குள் மூன்று மாடி வேண்டும். மற்றவர்கள் கையை விரித்த பிறகு, "முடியும்" என்றவள் இவள் ஒருத்திதான். அந்தத் தெருவில் இரும்பால் எழும் முதல் மாடிக் கட்டடம். தவறினால் அவருக்குத் தீபாவளி வியாபாரம் போகும். இவளுக்கு ஆயுசுக்கும் ஷெட்தான்.

தூண் நிறுத்தும் நாளன்று, கோஷ்டித் தலைவன் டில்லிபாபு தலையில் கைவைத்தான். "இன்னா மேடம் இது? மத்த தூணெல்லாம் கரெக்டா ஒக்காந்துச்சு. இந்த மூலைல மட்டும் அஸ்திவாரத்து போல்ட்டு நாலு விரல் வெளிய தள்ளி கீது!"

அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல வாயைத் திறந்தார்.

"வாஸ்துக்காரர்தாம்மா சொன்னாரு, ஈசானியம் கொஞ்சம் வளரணும்னு. கொத்தனார்ட்ட நாந்தான் தள்ளி வைக்கச் சொன்னேன். நாலு விரல்தான, என்ன ஆயிரப்போவுதுன்னு..."

என்ன ஆகுமா? இரும்பு ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்காது. ஓட்டை பொருந்தாது, உத்திரம் எட்டாது. பட்டறைக்குத் திருப்பி அனுப்பினால் தீபாவளி கோவிந்தாதான்.

சந்திரிகா கோபப்படவில்லை. "அந்தத் தூணோட அடித்தகட்டப் பாருங்க டில்லிபாபு" என்றாள்.

தகட்டில் ஓட்டையே போடப்படவில்லை. அந்த மூலைக்கு வரவேண்டிய உத்திரங்களும் ஒரு சாண் நீளமாகவே வந்திருந்தன. அஸ்திவாரத்தையும் அங்கே அகலமாகத்தான் போடச் சொல்லியிருந்தாள்.

"நானும் மயிலாப்பூர்ப் பக்கத்துக்காரிதான் அண்ணாச்சி. வாஸ்துக்காக எங்க வீட்டு வாசப்படியையே மூணு தடவை மாத்தியிருக்கோம். வடகிழக்கு மூலையத் தொடாம விடுவீங்களா? அதான் அத மட்டும் இங்கயே அளந்து ஓட்டை போட்டு, வெட்டிக்கலாம்னு விட்டேன்."

டில்லிபாபு விசிலடித்தான். அன்று சாயங்காலமே மூலைத் தூண் நின்றது.

தீபாவளிக்கு வெகு முன்னாலேயே கடை திறந்தாயிற்று. மூன்றாவது மாடியில் பட்டுப்புடவைக்கு இடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் மந்தைவெளி உறவுக்காரர்களும் இருந்தார்கள். அண்ணாச்சி தரையைக் காலால் ஓங்கி உதைத்துப் பார்த்தார். அசைவில்லை. சந்திரிகாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

கே.கே. நகரில் கடை கட்டப்போகும் மச்சானை அண்ணாச்சியே அவளிடம் இழுத்து வந்தார். "கட்டினா இரும்புலதான் கட்டணும், இந்தம்மாவ வச்சுத்தான் கட்டணும். ஆனா மாப்ள, வாஸ்துக்காரரு என்ன சொன்னாலும் கொத்தனார்ட்ட போவாத. நேரா இவுககிட்டயே சொல்லிரு. எப்படியும் இடம் விட்டுத்தான் வச்சிருப்பாக!"