மோப்பக்காவின் வெள்ளைத் துணி

மோப்பக்காவுக்கு எதையும் எடுத்த எடுப்பில் நம்பத் தெரியாது. பால் பாக்கெட்டைப் பிரித்தால் முகர்ந்து பார்ப்பாள். துவைத்து மடித்த துண்டையும் முகர்ந்து பார்ப்பாள். மகள் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவரைத்தான் கட்டிக்கப் போறேன்" என்று சொன்ன அன்று வீடே அவன் முகத்தைப் பார்த்தது. இவள் மட்டும் அவன் நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகனாகி நாலு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பிள்ளை மாமியார் வீட்டு வாசலுக்கு வந்ததும் கை கழுவக் குழாய் எங்கே என்றுதான் தேடுகிறான்.

"இவ மூக்கை வெச்சே ஒரு போலீஸ் ஸ்டேஷன் நடத்தலாம்" என்பார் அவள் கணவர். பஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்தால் முதல் விசாரணை அவருக்குத்தான்.

மோப்பக்கா என்ற பெயர் ஆஸ்பத்திரியில் வைத்தது. அங்கே அவளுக்கு இருபத்தாறு வருஷம். வார்டில் தரை துடைக்கத்தான் சேர்ந்தாள். மூன்றாவது வருஷம், ஆபரேஷன் அறைக்கு ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது, சுத்தம் என்று சீட்டு ஒட்டிய கத்தரிக்கோலின் மூட்டில் கடுகளவு காய்ந்த ரத்தம் இருப்பதைப் பார்த்தாள். தரை துடைக்கிறவள் பேசக்கூடிய இடமா அது? பேசினாள். நேராகப் பெரிய டாக்டரிடம் போய்த் தட்டை நீட்டி, "இது சுத்தமா, நீங்களே சொல்லுங்க" என்றாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த வாரமே அவளைக் கருவிகள் கழுவும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து மற்றவர்கள் கழுவியது எதுவும் கழுவியதல்ல என்பது அவள் கட்சி.

கழுவும் அறை பெரியதல்ல. அழுக்குப் பக்கம் ஒரு தொட்டி, சுத்தப் பக்கம் இன்னொரு தொட்டி, சுவரில் ஒரு கடிகாரம், கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி. அலமாரியில் நான்கு ஸ்கோப் தொங்கும். வாய் வழியாக விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் கறுப்புக் குழாய்கள் அவை. வெளியே துடைப்பதைச் சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும். வினையெல்லாம் உள்ளே ஓடும் மெல்லிய துளைகளில். முதலில் காற்றடைத்துத் தண்ணீரில் அமுக்கி, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சோப்புத் திரவம் விட்டு, நீளப் பிரஷ்ஷை நுழைத்து, அது மறுமுனையில் அழுக்கில்லாமல் வெளியே வரும்வரை தேய்க்க வேண்டும். கிருமிநாசினியில் கடிகாரத்தைப் பார்த்து ஊறவைத்து, வடிகட்டிய தண்ணீரில் அலசி, ஸ்பிரிட் விட்டு, கம்ப்ரசர் காற்றைப் பத்து நிமிஷம் உள்ளே ஓடவிட்டு உலர்த்தித் தொங்கவிட வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும், ஒருவர் வயிற்றில் இருந்த கிருமி அடுத்தவர் வயிற்றுக்குக் குடிபோய்விடும்.

இந்த அறைக்குத்தான் மூன்று மாதத்துக்கு முன் ஒரு புது ஆள் வந்தார். ஜூஸ் பாட்டில் கம்பெனி ஒன்றில் குழாய்கள் கழுவிக்கொண்டிருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள்; எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்திருக்கிறார்; இரண்டு பெண் பிள்ளைகள். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று தலைமை நர்ஸ் முடிவு செய்வார். மோப்பக்கா ஒரு ஸ்கோப்பைக் கழுவ ஐம்பத்தைந்து நிமிஷம் எடுப்பாள். இவர் நாற்பதில் முடித்தார். முதல் நாளே அவருக்கு மின்னல் என்று பெயர் விழுந்தது. வைத்தவள் யார் என்று கேட்பானேன்?

"தம்பி, பிரஷ்ஷு உள்ள போச்சா, இல்ல சும்மா வெளியவே சுத்திட்டு வந்துடுச்சா?"

"போச்சுக்கா."

"போச்சா, போன மாதிரி இருந்துச்சா?"

மின்னல் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சிரிப்பும் இவளுக்குப் பிடிக்கவில்லை. எதையோ மறைக்கிறவன்தான் இப்படிச் சிரிப்பான் என்று தோன்றியது. அது போதாதென்று, இரண்டு வாரம் கழிந்ததும் தினமும் வேலைக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வர ஆரம்பித்தார். எந்த ஊரில் எவன் கேட்காமல் சீக்கிரம் வருகிறான்? அந்த ஒன்றரை மணி நேரத்தில் இந்த ஆள் என்ன செய்கிறார்?

மோப்பக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். தானாக ஒரு பரீட்சையும் வைத்தாள். சாயங்காலம் மின்னல் கிளம்பியதும், அவர் கழுவித் தொங்கவிட்ட ஸ்கோப்பை இறக்குவாள். சிரிஞ்சில் வடிகட்டிய தண்ணீரை எடுத்துத் துளைக்குள் செலுத்தி, மறுமுனையில் வழிவதை, காயத்துக்குக் கட்டும் வெள்ளைக் காஸ் துணியில் பிடிப்பாள். ஒரு பொட்டு மஞ்சள் தெரிந்தால் போதும், ஆளைத் தொலைத்துக் கட்டிவிடலாம். தெரியவில்லை. மூன்று மாதத்தில் ஒரு நாள்கூடத் தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகிவிடுவார்கள். இவளுக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. ஒரு மனுஷன் எப்படி இவ்வளவு சுத்தமாகக் கழுவ முடியும்? சிரிஞ்சாலேயே நாலு தடவை காற்றை உள்ளே தள்ளிவிட்டு, ஸ்கோப்பைப் பழையபடி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். தான் கழுவியதை அவள் ஒரு நாளும் சோதித்ததில்லை. அதற்கு என்ன அவசியம்?

அப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தலைமை நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை காலைல லேப்ல எல்லா ஸ்கோப்லேருந்தும் சாம்பிள் எடுத்தாங்கல்ல? மூணாம் நம்பர்ல கிருமி வளர்ந்திருக்கு. ரிப்போர்ட் இப்பதான் வந்துது. சனிக்கிழமை அதைக் கடைசியா கழுவினது யாரு?"

"அவருதான், சிஸ்டர்." மோப்பக்காவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தால் அல்ல, சந்தோஷத்தால். "திங்கக்கிழமை லீவு போட்டுட்டாரு பாருங்க. நான் வந்த அன்னிக்கே நினைச்சேன்."

"நினைக்கிறது வேற. கண்ணால பாத்தீங்களா?"

"இன்னும் இல்லை, சிஸ்டர்."

"இத்தனை வருஷத்துல இப்படி வந்ததில்லை. அவர் வந்தப்புறம் வருது. எனக்கும் அப்படித்தான் தோணுது. நாளைக்கு மத்தியானத்தோட அவருக்கு மூணு மாசம் முடியுது. நீங்க சீனியர். அவர்தான்னு நீங்க சொன்னா, நாளையோட அனுப்பிடுறேன். ஆனா பாத்துச் சொல்லணும். அந்த ஸ்கோப்பைத் திங்கக்கிழமை மூணு பேருக்குப் போட்டிருக்கோம். அப்புறம் அதை எடுக்கலை. அவங்களைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கணும். எதனால வந்துதுன்னு தெரியாம அவங்ககிட்ட என்ன சொல்றது?"

மூன்று பேர் என்றதும் அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு அவள் அன்று முழுக்க மின்னலை முறைத்தாள். மூன்றாம் நம்பரைத் தனியாகப் பையில் போட்டுக் கட்டியாகிவிட்டது. சாயங்காலம் அவர் கழுவிய ஒன்றாம் நம்பரையும் நாலாம் நம்பரையும் இறக்கி, வழக்கத்தைவிட இரண்டு சிரிஞ்சு கூடுதலாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. "எத்தன்டா நீ" என்று அலமாரியைப் பார்த்துச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

சனிக்கிழமை பொழுது விடிந்ததும் ஆஸ்பத்திரியில் இருந்தாள். உடை மாற்றும் மறைவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, மூச்சுக்கூடச் சத்தம் வராமல் உட்கார்ந்தாள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

மின்னல் ஆறரைக்கு வந்தார். கை கழுவினார். கையுறை போட்டார். அலமாரியைத் திறந்து, ஒன்றாம் நம்பரின் நுனிக்குக் கீழே ஒரு தாளை வைத்துத் தட்டினார். குனிந்து பார்த்தார். "இன்னிக்கும் போச்சு" என்று முணுமுணுத்தார். நாலாம் நம்பரையும் அப்படியே தட்டினார். பிறகு இரண்டையும் இறக்கிக்கொண்டு நேராக அழுக்குப் பக்கத் தொட்டிக்குப் போய், சோப்புத் திரவத்தை அளந்து ஊற்றினார்.

"ஆங்! பிடிச்சேன்!" மோப்பக்கா மறைவை விலக்கிக்கொண்டு பாய்ந்தாள். "நேத்து கழுவினதை இன்னிக்கு எதுக்குக் கழுவுறீங்க? நேத்து கழுவலேன்னுதானே அர்த்தம்!"

மின்னல் கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. "ஐயோ, அக்கா! உசுரே போயிடுச்சு."

"பேச்சை மாத்தாதீங்க."

அவர் அந்தத் தாளை எடுத்து நீட்டினார். நடுவில் ஈரம், ரூபாய் நாணயம் அளவுக்கு.

"கம்ப்ரசர்ல காய வெச்சுத்தாங்க்கா மாட்டுறேன். காலைல வந்து பாத்தா உள்ள தண்ணி. ரெண்டு வாரம் எனக்கே தலையும் புரியலை காலும் புரியலை. அப்புறம் ஒரு நாள் டிபன் டப்பாவை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். நீங்க சிரிஞ்சு வெச்சுத் தண்ணி விட்டுட்டு இருந்தீங்க. கம்ப்ரசரை நாலு மணிக்கே நிறுத்திடுறாங்க. சிரிஞ்சுக் காத்துல இது காயுமா? குழாய்ல ராத்திரியெல்லாம் ஈரம் நின்னா என்ன வளரும்னு ஜூஸ் கம்பெனில வேலை பாத்தவனுக்குத் தெரியாதா? அதான் தினமும் சீக்கிரம் வந்து முதல்லேருந்து கழுவிட்டு இருக்கேன்."

மோப்பக்கா நாள் கணக்கை எண்ணிப் பார்த்தாள். போன சனிக்கிழமை சாயங்காலம் மூன்றாம் நம்பரில் தண்ணீர் விட்டவள் அவள். ஞாயிறு முழுக்க அது ஈரத்தோடு தொங்கியிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் சீக்கிரம் வந்து மறுபடி கழுவ இந்த ஆள் இல்லை, லீவு. கிருமி வளர அதற்கு மேல் என்ன வேண்டும்? இத்தனை வருஷமாக அடுத்தவர் அழுக்கைத் தேடியவள், தன் கையாலேயே மூன்று பேர் வயிற்றுக்கு அதை அனுப்பி வைத்திருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இருந்தாலும் பழக்கம் விடுமா? "இதை ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று அவரிடமே சீறினாள்.

மின்னல் கீழே கிடந்த பிரஷ்ஷை எடுத்துக் குப்பையில் போட்டார். வேறொன்றைப் பிரித்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா, அக்கா?"

நம்பியிருக்க மாட்டாள். தன் தப்பை மறைக்கத்தான் அவள் தலையில் கட்டுகிறான் என்று அன்றைக்கே தலைமை நர்ஸிடம் ஓடியிருப்பாள். இந்த ஆள் அடுத்த நாளே வீட்டில் உட்கார்ந்திருப்பார். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. அவள் உண்மையைச் சொல்லாமல் இருந்தால் இப்போதும் அதுதான் நடக்கும். மத்தியானம் "அவர்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும். அந்த நினைப்பு ஒரு நொடி வந்து போனது. இல்லை என்று சொன்னால் பொய்.

தலைமை நர்ஸ் வந்து கோட்டு மாட்டக்கூட இல்லை, மோப்பக்கா அவர் அறைக்குள் நின்றாள். "பாத்துச் சொல்லுன்னு சொன்னீங்க, சிஸ்டர். பாத்துட்டேன். அவர் இல்லை. நான்." சிரிஞ்சு, துணி, நாலு மணி கம்ப்ரசர், எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை.

தலைமை நர்ஸ் பேனாவை எடுத்து எழுத உட்கார்ந்தார். ஈரத்தைப் பார்த்தும் எழுதி வைக்காததற்கு மின்னலுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், கையோடு நிரந்தர வேலைக்கும் ஒரு கடிதம். மோப்பக்கா மறுபடி பயிற்சி முடிக்கும்வரை ஸ்கோப்பைத் தொடக் கூடாது.

"சரி, சிஸ்டர். அந்த மூணு பேருக்கும் நானே போன் பண்ணட்டுமா?"

"அதை டாக்டர் பண்ணுவாரு. நீங்க எதுக்கு?"

"அவர் பேசும்போது பக்கத்துலயாவது இருக்கேனே."

டாக்டர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். முதல் இரண்டு பேரும் பதறினார்கள், திட்டினார்கள், வருகிறோம் என்றார்கள். மூன்றாவது ஆள் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யாரு பண்ணின தப்பு?" என்றார். டாக்டர், "எங்க பக்கத்துல ஒரு சின்னக் குறை..." என்று இழுத்தார்.

"நான்தாங்க பண்ணினேன்" என்றாள் மோப்பக்கா. "அங்க கழுவுறவ. அடுத்தவர் ஒழுங்காக் கழுவினதை நம்பாம, சோதிச்சுப் பாக்கிறேன்னு ஈரமாக்கிட்டேன்."

வாத்தியார் இப்போது அவளிடமே பேசினார்.

"நாளைப்பின்னே மறுபடி குழாய் விடணும்னா அங்கதானேம்மா வரணும். இனிமே உங்களை எப்படி நம்புறது?"

"என்னை நம்ப வேணாங்க, ஐயா. இப்ப அங்க கழுவுறது வேற ஒருத்தர். அவர்கிட்ட மூணு மாசமாக் குத்தம் தேடினேன். ஒண்ணுகூடக் கிடைக்கலை. அவரை நம்பி வாங்க."