நான் அடித்த இரண்டு வரிகள்

முப்பத்தோரு வருஷம் தமிழாசிரியராக இருந்தேன். அதில் நான் செய்த பெரிய தவறு, சிவப்பு மைப் பேனாவால் செய்தது. இப்போது வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் பொம்மிடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருந்தேன். மழை பொய்த்த வருஷம். பிளஸ் ஒன் பிள்ளைகளின் சேவைத் திட்டத்துக்கு நான் பொறுப்பாளர். வழக்கமாகக் கோயில் சுத்தம் செய்து, மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். அந்த வருஷம் வேறு மாதிரி செய்யலாம் என்று தோன்றியது. சுற்றிலும் உள்ள ஊர்களில் பஞ்ச காலத்தில் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிச் சமைக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டு எழுத வேண்டும். அதைச் சிறு புத்தகமாக சைக்ளோஸ்டைல் எடுத்து, பால் சொசைட்டி வாசலில் உரக்கப் படிக்க வேண்டும். சாயங்காலம் பால் ஊற்ற அங்கே எப்படியும் கூட்டம் நிற்கும்.

எழுதியவர்களில் செலின் என்ற மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விவசாயக் குடும்பத்துப் பெண். மற்றவர்கள் கேட்டதைச் சுருக்கி எழுதி வந்தார்கள். அவள் மட்டும் சொன்னவர் சொன்னபடியே, ஒரு சொல் விடாமல் எழுதினாள். அடிவாரத்து ஊரில் கூலி வேலை செய்யும் மாதம்மா என்பவர் கசப்புக் கிழங்கைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தார். காட்டில் தோண்டி எடுக்கிற கிழங்கு அது.

செலினின் நோட்டில் இப்படி இருந்தது: "சீவி வேக வெச்சு தண்ணிய ஊத்தணும். மறுக்கா வேற தண்ணி வெச்சு வேக வெச்சு ஊத்தணும். மறுக்கா வேற தண்ணி வெச்சு வேக வெச்சு ஊத்தணும்."

பின் இரண்டு வரிகளையும் அடித்தேன். "நன்கு வேகவைத்து நீரை வடித்து உண்ணலாம்" என்று மேலே அழகாக எழுதினேன்.

"சார், அந்தக்கா மூணு வாட்டி சொன்னாங்க சார்" என்றாள் செலின்.

"பேசறப்ப அப்படித்தாம்மா சொல்வாங்க. எழுதறப்ப ஒரு தடவ போதும். கூறியது கூறல் குற்றம்னு பாடத்துல படிச்சல்ல?"

"சரிங்க சார்."

வெள்ளிக்கிழமை ஸ்டென்சில் வெட்டிப் பிரதி எடுத்தோம். அன்றே இருபது பிரதிகளை அந்த அடிவாரத்து ஊர்ப் பிள்ளைகளிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். வேலை முடிந்த திருப்தி எனக்கு.

மறுநாள் சாயங்காலம் அந்த ஊர்ப் பால் சொசைட்டி வாசலில் செலின் படித்தாள். நல்ல குரல். கம்பங்கூழ், பண்ணைக்கீரை, புளிச்சாறு என்று வர வர, பெண்கள் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார்கள். கிழங்கு வந்தது. வரிசையில் நின்ற மாதம்மா பால் தூக்கைக் கீழே வைத்தார்.

"நில்லு கண்ணு. அத மறுக்கா படி."

செலின் படித்தாள்.

"ஒரு தண்ணிதானா? ஒரு தண்ணில தின்னா வாந்தியெடுத்து சுருண்டுருவாங்களே! நானா அப்படி சொன்னேன்?"

எல்லோரும் செலினைப் பார்த்தார்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. காகிதத்தைப் பார்த்தபடி, "தப்பா எழுதிட்டேங்கக்கா" என்றாள்.

நான் பால் அளக்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். உடனே வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் என்னிடம் படித்தார்கள். பிறகுதான், "அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதுச்சும்மா. நான்தான் அடிச்சுட்டேன்" என்றேன்.

மாதம்மா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "அத அப்பறம் பேசிக்கலாங்க சார். எத்தன வூட்டுக்குப் போச்சு இந்த பொஸ்தகம்?" என்றார்.

பெண்கள் தூக்குகளை அப்படியே விட்டுவிட்டுத் தெருத் தெருவாகப் பிரிந்து போனார்கள். நான் சைக்கிளை எடுத்தேன். இருட்டுவதற்குள் பத்தொன்பது பிரதிகள் கைக்கு வந்தன. அந்த வீடுகளில் யாருக்கும் ஆபத்து இல்லை. அவர்களுக்குக் கிழங்கு தெரியும். புத்தகத்தைப் பார்த்துச் சமைப்பவர்கள் இல்லை.

இருபதாவது பிரதி, ரோடு வேலைக்காகக் கர்நாடகப் பக்கமிருந்து வந்து தங்கியிருந்த ஒரு குடும்பத்தின் குடிசையில் இருந்தது. அவர்களுக்குக் கிழங்கு புதிது. உள்ளூர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கி வந்து எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்லியிருக்கிறாள். அம்மா அதன்படியே சமைத்திருக்கிறாள். நானும் மாதம்மாவும் போனபோது தண்ணீரை வடித்துவிட்டுத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தின்னபேடி! தின்னபேடி!" சாப்பிட வேண்டாம் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே மாதம்மா உள்ளே ஓடினார்.

கிழங்கைக் கொட்டிவிடுவார் என்று நினைத்தேன். கொட்டவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு வேறு சாப்பாடு இல்லை என்பது அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தட்டில் இருந்ததைத் திரும்பச் சட்டியில் போட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார். பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டே இரண்டாம் தண்ணீரை வடித்தார், பிறகு மூன்றாவதையும். முதல் துண்டைத் தானே வாயில் போட்டு மென்றார். "இப்ப புள்ளைக்குப் போடு" என்றார்.

வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போடத் தெரியாத அவர், பிழை திருத்துவது எப்படி என்று தமிழாசிரியனான எனக்குக் காட்டினார்.

திங்கட்கிழமை ஹெச்.எம்.மிடம் நடந்ததைச் சொன்னேன். பழைய பிரதிகளை எரித்துவிட்டுப் புது ஸ்டென்சில் வெட்டினோம். இந்தத் தடவை பிரதி எடுக்கும் முன்பே, சொன்னவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியைச் செலினும் மற்றவர்களும் வாசித்துக் காட்டினார்கள். கீரைப் பகுதியில் இன்னும் இரண்டு பிழைகள் அகப்பட்டன. அவையும் என்னுடையவைதான்.

அந்த வாரம் செலினைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "என் தப்ப எதுக்கும்மா உன் தலையில போட்டுக்கிட்ட?"

அவள் சொன்னாள்: "என் தப்பும் இருக்குது சார். நீங்க அடிச்சப்ப ஒரு வாட்டிதான் சொன்னேன். தெரிஞ்சிருந்தும் இன்னொரு வாட்டி சொல்லாம வுட்டுட்டேன்."

இன்னொரு வாட்டி சொல்ல முடியாதபடி அவளை உட்கார வைத்தது என் குரல்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு ஓய்வு பெறும் வரை, ஒரு பிள்ளை "சார்..." என்று தயங்கி ஆரம்பித்தால், பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் கேட்டேன். அது சொல்லி முடித்ததும், "இன்னும் ஏதாவது இருக்கா?" என்று நானே கேட்பேன். பெரும்பாலும், முக்கியமான விஷயம் அதற்கப்புறம்தான் வரும்.