முதலில் செத்தாள், பிறகு கல்யாணம்

ஓடாத படங்களின் ரசிகன் நான். நூறு நாள் ஓடிய படத்தைப் பற்றி யாராவது பேசினால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். மூன்றாம் நாளே பெட்டிக்குள் போன படம் என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாதாட இறங்கிவிடுவேன். யாரும் பார்த்திராத படத்தைப் புகழ்வதில் ஒரு சௌகரியம் உண்டு. மறுத்துப் பேச ஆள் இருக்காது. என் மனைவி இதை வியாதி என்கிறாள். வியாதிதான். தாய்மாமன் வழியில் வந்தது.

மாமாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு ஜின்னிங் பேக்டரியில் பஞ்சுப் பொதி எடை போடும் வேலை. வாரத்தில் ஆறு நாள் பொதி பார்ப்பார், ஏழாம் நாள் படம் பார்ப்பார். ஊரே கொண்டாடும் படத்தை "அது கெடக்கு" என்று ஒதுக்கிவிடுவார். கொட்டகையிலிருந்து ஆட்கள் எழுந்து போகப் போக அவர் முகத்தில் ஒரு களை வரும். இந்த ஞானத்தைப் பெண் பார்க்கப் போன இடங்களிலும் வாரி வழங்கி, அதுவரை இரண்டு சம்பந்தங்களைக் கலைத்திருந்தார்.

அது யுத்த காலம். பிலிம் தட்டுப்பாட்டில் எங்கள் பக்கம் ஒரு படத்துக்கு ஒரு பிரதிதான் வரும். அதை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கொட்டகையும் எங்கள் கொட்டகையும் பங்கு போட்டுக்கொள்ளும். அங்கே முதல் பாதி ஓடி முடிந்ததும் ஒருவர் அந்த ரீல் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு இங்கே வருவார். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் பாதி இன்னொரு சைக்கிளில் வந்து சேரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு மாமா என்னைக் கூட்டிப்போனார். எனக்கு ஒன்பது வயது. பெட்டி வராமல் தகரக் கொட்டகைக்குள் இரண்டு மணி நேரம் வெந்தோம். ஜனம் விசிலடித்து, பெஞ்சைத் தட்டி, கடைசியில் முதலாளியின் வம்சத்தை விசாரிக்கத் தொடங்கியபோது ஒரு பெட்டி வந்தது. விளக்கு அணைந்தது.

எடுத்த எடுப்பில் ஒரு பெண் பாம்பு கடித்துச் செத்தாள். அவள் யார் என்றே தெரியவில்லை. எரித்தார்கள். புருஷன்காரன் தாடி வளர்த்து, நான்கு பாட்டுப் பாடி, மலையேறிப் போனான். 'முற்றும்' என்று காட்டிவிட்டு இடைவேளை விட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு படத்தின் பெயர் வந்தது. செத்தவள் நந்தவனத்தில் பூப்பறித்தாள். தாடி இல்லாத புருஷன் மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். கல்யாணமாகி, பந்தியில் பாயசம் வரும்போது படம் முடிந்துவிட்டது.

பாதிக் கொட்டகை எப்போதோ காலி. எனக்குத் தலை சுற்றியது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியாலே மருமகனே? பேரையே நடுவுலதான் போடுதான்! சாவுல ஆரம்பிச்சுக் கல்யாணத்துல முடிக்க எம்புட்டுத் தைரியம் வேணும்!"

"செத்தவ எப்படி மாமா திரும்ப வந்தா?"

"வரலைலே. அவன் மலை மேல உக்காந்து நெனச்சுப் பாக்கான். போன பொறவுதான் அவ எப்படிச் சிரிச்சான்னு ஞாபகம் வரும். இதெல்லாம் இந்தப் பயகளுக்கு எங்க வெளங்கப்போவுது."

நடந்தது வேறு. முதல் பாதியோடு கிளம்பியவருக்கு வன்னியம்பட்டி பக்கத்தில் டயர் வெடித்துவிட்டது. ஒட்டுப்போட ஆள் தேடி அவர் ஊருக்குள் போயிருந்த நேரத்தில், இரண்டாம் பாதிக்காரர் சாலையோடு முந்திவிட்டார். ஜனத்துக்குப் பயந்த ஆபரேட்டர் வந்ததைப் போட்டார். இருபது வருஷம் கழித்து அந்த டயர்க்காரரே இதை என்னிடம் சொன்னார். மாமாவிடம் நான் சொல்லவில்லை. அவர் ரசனையோடு என் ரசனையும் அல்லவா பஞ்சராகும்?

அடுத்த வாரம் மாமாவுக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்க்கப் போனோம். வழியிலேயே அம்மா தன் தம்பியை எச்சரித்தாள். "ஏலே, அங்க சினிமாப் பேச்சு எடுத்தே, மூணாவது எடமும் போச்சு. பொறவு நீ பஞ்சுப் பொதியத்தான் கட்டிக்கிடணும்."

மாமா சத்தியம் செய்தார். அரை மணி நேரம் காப்பாற்றவும் செய்தார். மழையைப் பற்றிப் பேசினார், பருத்தியைப் பற்றிப் பேசினார். அம்மாவுக்கு நம்பிக்கை துளிர்த்த வேளையில் பள்ளிக்கூட வாத்தியாரான பெண்ணின் அண்ணன் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "போன ஞாயித்துக்கிழம வீட்டோட ஒரு படத்துக்குப் போனோம். பாம்பு கடிச்சுச் சாகுத கதை. சுத்தக் குப்பை."

"குப்பையா?" என்றார் மாமா. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பொறவென்ன? பூப்பறிக்கா, கல்யாணம் பண்ணுதா, கடைசீல சாகுதா."

"கடைசீலயா? அவ மொதல்லயே செத்துட்டாளே!"

"செத்தவ எப்படிங்க தாலி கட்டிக்கிடுவா?"

"அதுதானங்க படமே!"

வாத்தியார் தன் அப்பாவைப் பார்த்தார். "பாக்காத படத்தப் பாத்தேன்னு சாதிக்காரு. நாளைக்கு எதத்தான் சொல்ல மாட்டாரு?" படத்தை விட்டுவிட்டு மாமாவின் நாணயம் சபைக்கு வந்துவிட்டது.

மாமா என்னை இழுத்து நடுவில் நிறுத்தினார். "இவனும் பாத்தான். சொல்லுலே."

"மொதல்ல எரிச்சாங்க. பொறவு பேர் போட்டாங்க. பொறவு தாலி கட்டினாங்க" என்றேன். உண்மை சொன்னதற்கு அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கொடுத்தாள்.

"சின்னப் பயலையும்லா சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருக்காவ" என்று பெண்ணின் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். எங்களை வழியனுப்பத்தான்.

அப்போது உள்கதவுப் பக்கமிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"அவிய சொல்லுததுதான் சரி. அவ மொதல்லதான் செத்தா."

வாத்தியார் திகைத்துவிட்டார். "ஏட்டி, நீயும் எங்க கூடத்தான வந்தே?"

"வந்தேன். நீங்க ஆம்பளைக பக்கம் இருந்திய. நான் பொம்பளைக பக்கம்லா இருந்தேன்?"

கொட்டகையில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர் உண்டு. பெண்ணின் அப்பா மகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துண்டை மடியில் போட்டுக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். "சரி, மேக்கொண்டு பேசுவோம்."

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. எல்லோருக்கும் திருப்தி, என்னைத் தவிர. எங்கள் ஊரில் முதலில் செத்தாள், அங்கே கடைசியில் செத்தாள். அதை ஊர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே கொட்டகையில், ஒரே திரையில், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரியும் அந்தப் பக்கம் ஒரு மாதிரியுமா? புது அத்தையிடமே கேட்டேன்: "பொம்பளைக பக்கம் படம் வேற மாதிரி ஓடுமா அத்தை?"

அத்தை மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமாய்யா. அந்தப் பக்கம் உக்காந்து பாத்தாத்தான் தெரியும்."

நம்பினேன். அடுத்த தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது, கொட்டகையில் விளக்கு அணைந்ததும் மண்சுவர் ஏறிக் குதித்தேன். மறைக்கிறேன் என்று ஓர் ஆச்சி காதைத் திருகினாள்; பொறுத்துக்கொண்டேன். படம் வழக்கம்போலத்தான் தொடங்கியது. பெயர் முதலில் வந்தது. யாரும் சாகவில்லை. அத்தைக்குத் தெரிந்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை. சரியான இடத்தில் உட்காரவில்லை போலிருக்கிறது என்று, அந்த ஆச்சியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தேன்.