பி.யூ.சி.க்கு முன்னால் ஒரு மாத இங்கிலீஷ்

எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் நான் எல்லாப் பாடத்தையும் தமிழில் படித்தவன். காலேஜில் முதல் வருஷமான பி.யூ.சி.யில் எல்லாமே இங்கிலீஷ். பரீட்சை முடிந்ததும், கடலூர் கலெக்டர் ஆபீசில் பியூனாக இருந்த அக்கா வீட்டுக்காரர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்:

“காலேஜுல வாத்தியாரு தும்முனாக்கூட இங்கிலீஷ்லதான் தும்முவாரு. மஞ்சக்குப்பத்துல ஒருத்தர் ஒரு மாசத்துல கத்துக் குடுக்குறாராம், போய்ச் சேரு.”

“சரிங்க மாமா.”

சைக்கிள் கடை மாடியில் வகுப்பு. நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சித்திரை வெயிலில் கோட்டோடுதான் வருவார். முதல் வாரம் கதவைத் தட்டுவது எப்படி, இரண்டாவது வாரம் கைகுலுக்குவது எப்படி என்று போனது. மூன்றாவது வாரம் முள்கரண்டி பிடிக்கப் பழகினோம். மீன் முள்ளைத் தவிர வேறு முள் அறியாத குப்பத்துப் பையன் நான், மரியாதையாகப் பிடித்தேன்.

கடைசி வாரம் ஒரு ரகசியம் சொன்னார். “புரொபசர் எது கேட்டாலும் ‘ஐ பெக் யுவர் பார்டன், சார்’னு சொல்லு. திரும்பக் கேட்டா திரும்பச் சொல்லு. அலுத்துப்போய் அடுத்த ஆளுகிட்டப் போயிடுவாரு.”

சிதம்பரத்தில் காலேஜ் சேர்ந்து, முதல் கெமிஸ்ட்ரி வகுப்பிலேயே புரொபசர் என்னை எழுப்பி ஏதோ கேட்டார். சொன்னேன். உரக்கக் கேட்டார். மறுபடி சொன்னேன். கிட்டே வந்து காதருகே கத்தினார். மூன்றாவது முறையும் பிசகாமல் சொன்னேன். அவர் முகத்தில் இரக்கம் வந்தது.

“எந்த ஊருப்பா?” என்று தமிழில் கத்தினார்.

“கடலூரு சார்.”

அடுத்து எழுந்தவன் மஞ்சக்குப்பத்தில் என்னோடு படித்தவன். அவனும் அதையே சொன்னான், ஊரும் அதையே சொன்னான்.

“பாவம், அலைச் சத்தத்துல காது போயிருக்கு” என்று புரொபசர் வகுப்புக்கு அறிவித்து, எங்கள் இருவரையும் முதல் பெஞ்சுக்கு மாற்றினார். காது நன்றாகக் கேட்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அன்றிலிருந்து அவர் எங்களுக்காக ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார், போர்டில் கொட்டை எழுத்தில் எழுதினார். ஹாஸ்டலில் என்னைச் செவிடன் என்றார்கள். சாப்பாடு இறங்காத நாட்கள் உண்டு. ஆனால் தீபாவளிக்குள் பாடம் புரிய ஆரம்பித்திருந்தது. கூட்டாளிக்கு வெட்கம் தாங்கவில்லை. காது குணமாகிவிட்டதென்று ஒரு டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கி வந்து கடைசி பெஞ்சுக்குப் போனான். பரீட்சையில் நான் தேறினேன், அவன் தேறவில்லை.

அடுத்த கோடையில் குமாஸ்தா ஐயா ஆள் அனுப்பினார். மாடிச் சுவரில் என் போட்டோ தொங்கியது. புதுப் பையன்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார். எழுந்து, “போனதும் முதல் பெஞ்சுல உக்காருங்க. புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க” என்றேன்.

அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். அதன்படி, கைகுலுக்குவதைப் பற்றி நான் மிக உயர்வாகப் பேசியிருந்தேன்.